கொம்பன் சுறா ஆளைக் கடிக்குமா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாள் படகுகள் மீன் இறக்கும் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். சென்ற பாடசாலை விடுமுறையில், நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த என் அக்காவின் மகனை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்றேன். சூரையும் பாரையும் அறக்குளாவும் குவிந்து கிடந்த சீமெந்துத் தரையில் எல்லாவற்றையும் கடந்து நடந்தவன், ஓரத்தில் தனியாக இழுத்துப் போடப்பட்டிருந்த ஒரு மீனுக்கு முன்னால் நின்றுவிட்டான். அது ஆறடிக்குக் குறையாத ஒரு கொம்பன் சுறா, சுத்தியல்போல் தலை இருபுறமும் அகன்ற சுறா. பன்னிரண்டு வயதுவரை அவன் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தான். தலையின் ஒரு முனையிலிருந்த கண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு, மறுமுனைக்குச் சுற்றிப் போய் அங்கேயிருந்த கண்ணையும் பார்த்தான்.

"மாமா, இது ஆளைத் தின்னுமா?"

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த முதியவர், "இது ஆளத் தின்னாது, மனே. ஒள்ளுப்பம் அங்கால நில்லு, தரை வழுக்கும்" என்றார்.

அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. அன்று மாலை கல்லடிக் கடற்கரையில் கணுக்கால் நனையும் இடத்தைத் தாண்டி அவன் இறங்க மறுத்துவிட்டான். உயிரியல் கற்பிக்கும் ஒருவன் தன் மருமகனின் அச்சத்தை "ஒன்றும் செய்யாது, வா" என்ற ஒரு வரியில் கடந்து போவது எனக்கு முறையாகப்படவில்லை. ஆகையால் அந்த விடுமுறை முழுவதும் சிறிது சிறிதாக அவனுக்குச் சொன்னவற்றை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். இதே கேள்வியை என் வகுப்பு மாணவர்களும், ஏன், அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் நேரடியான விடை. உலகெங்கும் மனிதரைச் சுறா கடித்த சம்பவங்களைத் திரட்டி ஆராய்ந்து பேணிவரும் பதிவேடு ஒன்று அமெரிக்காவின் புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1580ஆம் ஆண்டு தொடக்கம் கிடைக்கும் தகவல்கள் அதிலுண்டு. அந்த நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில், மனிதர் சீண்டாமலே நடந்தவை என உறுதிப்படுத்தப்பட்டு, கொம்பன் சுறா இனங்கள் அனைத்தின் பெயரிலும் சேர்த்துப் பதிவாகியுள்ள கடிகள் 18. அவற்றில் ஒன்றேனும் உயிரிழப்பில் முடியவில்லை. சுறாவினால் நேர்ந்த மரணங்களில் மிகப் பெரும்பாலானவை பெருவெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகிய மூன்று இனங்களின் கணக்கில் இருக்கின்றன. எல்லா இனங்களையும் ஒன்றாக எடுத்தாலும் எண்ணிக்கை பெரிதன்று. 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சீண்டாமல் நடந்த கடிகள் 69, அவற்றால் இறந்தோர் 10 பேர்.

எங்களைப் போன்ற கரைகளில் நடப்பதெல்லாம் புளோரிடாவுக்குப் போய்ச் சேருவதில்லை என்று யாரேனும் சொன்னால் அதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் இந்த மீனின் விடயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலங்கிய நீரில் கடிபட்ட ஒருவரால், தன்னைக் கடித்தது காளைச் சுறாவா வேறெதுவுமா என்று பிரித்தறிவது மிகக் கடினம். கொம்பன் சுறாவின் தலையை ஒருகணம் கண்டவர்கூட அதை இன்னொரு சுறாவோடு குழப்பிக்கொள்ள மாட்டார். இவ்வளவு எளிதாக அடையாளம் காணத்தக்க ஒரு மீன் ஆட்களைக் கடித்துத் திரிந்திருந்தால், அதன் பெயர் பதிவேடுகளிலும் ஊர்ப் பேச்சிலும் நிறைந்திருக்கும். நாவலடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் திருக்கோவிலிலும் நான் பேசிய முதிய மீனவர்களில் ஒருவரேனும், நீந்திக்கொண்டிருந்த ஆளைக் கொம்பன் கடித்த கதையைச் சொன்னதில்லை.

அச்சத்தில் ஒரு பங்கு பெயரிலிருந்தும் வருகிறது என்று நினைக்கிறேன். எங்கள் மாவட்டத்தின் படுவான்கரைப் பக்கத்தில் கொம்பன் என்றால் யானை. இரவில் வேளாண்மைக் காவலுக்குப் போனவர் காலையில் திரும்பி வராத வீடுகள் அங்கே இருக்கின்றன. அண்மைய ஆண்டுகளில் இலங்கை முழுவதும் யானைகளால் ஆண்டொன்றுக்கு நூறுக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்கி வளர்ந்த பிள்ளைக்கு, அதே பெயரைத் தாங்கிய மீனும் கொல்ல வருவதாகத்தான் தோன்றும். சிங்களத்தில் இதனை 'உதலு மோரா' என்பார்கள், அதாவது மண்வெட்டிச் சுறா. ஒருவன் உழைக்கும் கருவியைக் கண்ட இடத்தில் இன்னொருவன் கொம்பைக் கண்டிருக்கிறான். மீனின் பழக்கத்தை அறிந்த பிறகு, எனக்கு மண்வெட்டியே பொருத்தமான பெயராகப் படுகிறது.

ஏனெனில் அந்தத் தலை கடலடி மணலைத் துருவுவதற்காக அமைந்த தலை. வாழைச்சேனையில் கிடந்த மீனை என் மருமகனோடு சேர்ந்து நானும் நெருங்கிப் பார்த்தேன். தலையின் முன்விளிம்பு நேர்கோடாக இல்லாமல், நட்டநடுவில் ஒரு பள்ளமும் அதற்கு இருபுறமும் ஒவ்வொரு பள்ளமுமாக, பிட்டு மாவில் விரல் பதித்ததுபோல் நெளிந்திருந்தது. எங்கள் கடலில் பிடிபடும் மூன்று பெரிய கொம்பன் இனங்களில் நெளிவிளிம்புக் கொம்பனை இப்படித்தான் இனங்காண்பது. பெருங்கொம்பன் என்ற இனத்துக்கு விளிம்பு ஏறக்குறைய நேராக இருக்கும். முதுகுச் செட்டை அரிவாள்போல் உயர்ந்து வளைந்திருக்கும். மழமழத்த தலையுள்ள மூன்றாவது இனத்துக்கு நடுப் பள்ளமே இல்லை. தலையைப் புரட்டினால் வாய் வெகு உள்ளே, அடிப்புறத்தில் இருக்கிறது. ஆறடி மீனின் வாயை என் உள்ளங்கையை விரித்து மூட முடிந்தது. வாயைச் சுற்றியும் தலையின் அடிப்புறம் முழுவதும் ஊசி குத்தியதுபோல் நுண்ணிய துவாரங்கள். "மாமா, முகப்பரு வந்த மாதிரி இருக்கு" என்றான் மருமகன்.

அந்தத் துவாரங்களில்தான் இந்த மீனின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றும் களிபோன்ற பொருள் நிரம்பிய நுண்குழாயின் வாய். உயிருள்ள எந்த உடலும் தசை அசைவாலும் சுவாசத்தாலும் தன்னைச் சுற்றி மிகமிக மெல்லிய மின்புலம் ஒன்றை உண்டாக்குகிறது. அதனை உணர்வதே அக்குழாய்களின் வேலை. எல்லாச் சுறாக்களுக்கும் இவ்வுணர்வு உண்டு என்றாலும், கொம்பனின் தலை அகன்றிருப்பதால் ஒருமுறை நீந்திக் கடக்கும்போதே அது கூடுதலான அகலத்தைத் தடவிப் பார்த்துவிடுகிறது. மணலுக்குள் புதைந்து, கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கும் திருக்கையை அது கண்டுபிடிப்பது இப்படித்தான். பெருங்கொம்பன் திருக்கையைத் தலையால் அழுத்திக் கடலடியோடு பிடித்துக்கொண்டு, அதன் செட்டையின் ஓரத்தைக் கடித்து ஓடவிடாமல் செய்து தின்பதை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். பிடிபட்ட பெருங்கொம்பன்களின் வாயிலும் தாடையிலும் திருக்கை முட்கள் பல குத்தி நின்றதும் பதிவாகியுள்ளது. நஞ்சுள்ள அந்த முள்ளோடு வாழப் பழகிய மீன் அது.

இந்த இடத்தில் எங்கள் ஊரவர் ஒருகணம் நின்று யோசிக்க வேண்டும். வாவியிலும் கரையோரத்திலும் இடுப்பளவு நீரில் நின்று தொழில் செய்பவரை உண்மையில் காயப்படுத்தும் மீன் எது? திருக்கைதான். தெரியாமல் மிதித்த காலில் முள்ளேறி, இரவு முழுவதும் வலியில் துடித்தவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எங்களைக் குத்தும் மீனைத் தேடித் தின்னும் மீனுக்குத்தான் நாங்கள் அஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

கண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலையின் இரு கோடிகளிலும் கண் இருந்தால் முன்னால் இருப்பது தெரியாது என்று பலர் நீண்ட காலம் எண்ணியிருந்தனர். 2009இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு மாறானதைக் காட்டியது. இரண்டு கண்களின் பார்வையும் ஒன்றோடொன்று மேற்படியும் பரப்பு, சாதாரணத் தலையுள்ள சுறாக்களைவிட அகன்ற தலையுள்ள கொம்பன்களுக்கே அதிகம். நெளிவிளிம்புக் கொம்பனுக்கு அது 32 பாகை. தூரத்தைக் கணிப்பதற்கு இந்த மேற்படிவு அவசியம். தடுமாறி வந்து மோதும் மீன் அல்ல இது. தனக்கு முன்னால் இருப்பது திருக்கையா ஆளா என்று நன்றாகக் கண்டு விலகக்கூடிய மீன். கலாபகொஸ் தீவுகளிலும் கோஸ்ட்டாரிக்காவுக்குரிய கொக்கோஸ் தீவிலும் இவை பகலில் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரிவதைப் பார்ப்பதற்கென்றே சுழியோடிகள் பணம் செலவழித்துச் செல்கிறார்கள். தங்கள் குமிழிகளின் ஓசைக்கே அவை விலகிப் போய்விடுகின்றன என்பதுதான் அவர்களுடைய பொதுவான குறை.

பெருங்கொம்பனிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. 2016இல் வெளியான ஆய்வொன்றின்படி, அது பெரும்பகுதி நேரத்தை உடலை ஒருபக்கமாக 50 முதல் 75 பாகை வரை சாய்த்து நீந்தியே கழிக்கிறது. உயரமான முதுகுச் செட்டையை இவ்வாறு பக்கவாட்டில் வைக்கும்போது அது இறக்கைபோல் உடலைத் தாங்குவதால் உழைப்பு மிச்சமாகிறது. படகிலிருந்து பார்ப்பவருக்கு அது புரண்டு பாய வருவதுபோல் தோன்றலாம். உண்மையில் அது அதன் சாதாரண நடை.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் முன்னர் எழுதியதையும் ஒருவர் நம்பத் தேவையில்லை. பெருங்கொம்பன் ஆறு மீற்றர்வரை வளரக்கூடியது. மேலே சொன்ன மூன்று பெரிய கொம்பன் இனங்களுக்கும் ஓர் ஆளைக் கடுமையாகக் காயப்படுத்தும் வலிமை உண்டு. இரத்தம் கசியும் மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு ஈட்டித் துப்பாக்கியோடு சுழியோடுபவரிடம், அந்த மீனுக்காக எந்தச் சுறாவும் நெருங்கி வரலாம். வலையிலிருந்து மீன் கழற்றும் இடத்தில், மீன் கழிவு கொட்டும் இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் நீந்தாமல் இருப்பது எங்கும் பொருந்தும் புத்தி.

என் பெரியப்பாவின் இடது முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, பிறைபோல வளைந்த ஒரு தழும்பு இருந்தது. சிறுவர்களாகிய நாங்கள் அதைக் காட்டச் சொல்லி அவரை நச்சரிப்போம். தூண்டிலில் ஏறிய ஒரு கொம்பனைப் படகுக்குள் இழுத்துப் போட்டு வெகுநேரமாகியிருந்தது, அசைவில்லை. செத்துவிட்டது என்று நினைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றக் கையை நீட்டியபோது, அது உடலை வில்லாக வளைத்துத் திரும்பிக் கவ்வியது. சுறாவுக்கு எலும்பில்லை, உடல் முழுவதும் குருத்தெலும்புதான். தலை வாலைத் தொடும் அளவுக்கு வளையக்கூடியது. கரையேறும்வரை சாரத்தைக் கிழித்துக் கையில் சுற்றியிருந்தாராம். அந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் அவர் ஒரு வரி சேர்ப்பார்: "அது என்னக் கடிக்கல்ல, மனே. நான்தான் அதுர வாய்க்குள்ள கைய வச்சன்." புளோரிடாப் பதிவேடும் இதையேதான் சொல்கிறது. தூண்டிலில் மாட்டிய சுறா கடிப்பது அங்கே சீண்டலால் நேர்ந்த கடி என்று தனியாக வகுக்கப்படுகிறது. எங்கள் கடலில் கொம்பனால் காயப்படும் வாய்ப்பு யாருக்கேனும் இருக்குமானால், அது குளிக்கப் போகிறவருக்கு இல்லை. படகுத் தட்டில் வேலை செய்யும் தொழிலாளிக்குத்தான். அவருக்குத் தேவை நல்ல கையுறையும் நீளக்கைப்பிடியுள்ள முள் கழற்றியும். அந்தப் பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சுறாவுக்கு அஞ்சுவது எங்களிடம் புதிதன்று. மன்னார் முத்துக்குளிப்பில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் அவர். அவர் கரையில் நிற்காவிட்டால் குளிகாரர் கடலில் இறங்க மறுத்ததால், ஆங்கிலேய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஆழத்தில் மூச்சடக்கி உழைத்த மனிதனின் அச்சத்தை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். ஆனால் இன்று கல்லடியிலும் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகும் பெற்றோர், எதற்கு அஞ்சவேண்டுமோ அதற்கு அஞ்சுவதில்லை. இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். வாடைக் காலத்தில் கல்லடிக் கடலில், அலை உடைந்து வெண்மையாகத் தெரியும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரியும் ஒரு பட்டை இருக்கும். அலையில்லாத இடம் என்று பிள்ளையை அங்கேதான் இறக்குவார்கள். அலைகளால் கரைக்கு வந்த நீர் திரும்பிக் கடலுக்குப் பாயும் இழுவை அதுவே. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்துக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். 2004இல் கடல் எடுத்துப்போனவர்களின் பெயரைச் சொல்லி இன்னும் விளக்கேற்றும் ஊர் எங்களுடையது. கடலை அறியாமல் அதில் இறங்குவதற்கு எங்களுக்கு எந்த நியாயமும் இல்லை.

மருமகனுக்கு நான் அந்தக் கரும்பட்டையைத்தான் முதலில் காட்டினேன். அடுத்ததாக, வாவிக்கரையில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கக் கற்றுக்கொடுத்தேன்; அதிர்வை உணர்ந்து திருக்கை முன்கூட்டியே விலகிவிடும்.

கொம்பனிடமிருந்து எங்கள் வீடுகளுக்கு வரக்கூடிய ஆபத்து ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது வருவது கறிச்சட்டி வழியாக. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறுவதற்காகப் பால்சுறா வறை கொடுப்பது எங்கள் வீடுகளில் மாறாத வழக்கம். சிறிய சுறாவைக் கொதிநீரில் அவித்து, மணல்போல் சொரசொரக்கும் தோலை உரித்து, சதையைப் பிழிந்து உதிர்த்து, மஞ்சளும் மிளகும் உள்ளியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து என் அம்மா வறுக்கும்போது எழும் மணம் எனக்கு ஒரு பிறப்பின் மணமாகவே நினைவில் இருக்கிறது. அந்த அன்பில் நான் குறை காணவில்லை. ஆனால் சுறா கடலின் உணவுச் சங்கிலியில் மேலே இருப்பது. சிறுமீனில் இருக்கும் பாதரசம் அதைத் தின்னும் பெருமீனில் சேர்ந்து, அதையும் தின்னும் சுறாவின் சதையில் செறிந்துவிடுகிறது. அவித்தாலும் பிழிந்தாலும் வறுத்தாலும் அது போகாது. வளரும் குழந்தையின் மூளையையும் நரம்புகளையும் அது பாதிக்கும் என்பதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. வயது முதிர்ந்த பெரிய சுறாவில்தான் இது மிகுதி, குட்டியில் குறைவு. இருந்தும், யாருக்குக் கூடாதென்று மருத்துவம் சொல்கிறதோ அவருக்கென்றே தேடி வாங்கிக் கொடுப்பதை எண்ணும்போது மனம் அமைதியடைவதில்லை.

பால்சுறா என்பது உண்மையில் தனியொரு சிறிய இனத்தின் பெயர். சந்தையிலோ சிறிய சுறா எதுவும் அந்தப் பெயரில் விலைப்படுகிறது. இவ்வாண்டு என் தங்கைக்குக் குழந்தை பிறந்த வாரத்தில், அம்மா சொல்லி நான் மீன் வாங்கப் போயிருந்தேன். கூடையில் கிடந்த பத்துப் பன்னிரண்டு குட்டிகளில் இரண்டின் தலைகள் அகன்றிருந்தன. ஒரு முழ நீளம். விரலால் தொட்டபோது தலையின் ஓரங்கள் இன்னும் மெத்தென்று இருந்தன. கொம்பன் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. பிறக்கும்போது தாயைக் காயப்படுத்தாதபடி குட்டியின் தலை ஓரங்கள் பின்னோக்கி மடிந்திருக்கும். ஏறக்குறைய ஓராண்டு சுமந்து பெற்ற குட்டிகள் ஆழம் குறைந்த கரையோர நீரில் தங்கி வளரும். அதே நீரில்தான் எங்கள் வலைகளும் விழுகின்றன. அந்த இரண்டும் பிறந்து வெகுநாள் ஆகியிருக்க முடியாது.

இந்தக் குட்டிகள் பல ஆண்டுகள் வளர்ந்தாலன்றி இனம் பெருக்க மாட்டா. 1970க்குப் பிறகு உலகின் பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 வீதத்தால் குறைந்துவிட்டதாக 2021இல் வெளியான ஆய்வு கணித்தது. நெளிவிளிம்புக் கொம்பனும் பெருங்கொம்பனும் இன்று மிக ஆபத்தான நிலையில் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் இருக்கின்றன. 2013இல் பாங்கொக்கில் கூடிய நாடுகள் மூன்று பெரிய கொம்பன் இனங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தன. 2022இல் குடும்பத்தின் ஏனைய இனங்களும் சேர்க்கப்பட்டன. செட்டைக்காக எல்லை கடந்து நடக்கும் வியாபாரத்தை அந்த ஏற்பாடு தொடுகிறது. எங்கள் ஊர்ச் சந்தையின் கூடையை அது எட்டுவதில்லை. வலையில் தானாக வந்து சிக்கிய குட்டியை விற்று அன்றைய சோற்றுக்கு வழி பார்க்கும் மீனவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. உயிரோடு சிக்கியதைத் திருப்பி விட்டுவிடுங்கள் என்று கேட்கலாம். அதற்கு முதல், வாங்குகிறவர்கள் நாங்கள் கேட்பதை நிறுத்த வேண்டும்.

அன்று நான் காரல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதுவும் பால் ஊற நல்லதென்று எங்கள் கிழவிகள் சொல்லும் மீன்தான். பையைத் திறந்த அம்மா, "சுறா வரல்லயா?" என்று கேட்டார். வந்திருந்தது என்றும் ஏன் வாங்கவில்லை என்றும், பாதரசத்தையும் அந்த இரண்டு மெத்தென்ற தலைகளையும் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அரிவாள்மணையை எடுத்துப் போட்டு, சாம்பலைத் தொட்டுக் காரலின் செதிலைச் சுரண்டத் தொடங்கினார். பாதி மீன் முடிந்த பிறகு தலை நிமிராமலே கேட்டார்:

"அந்தக் குட்டிகளுக்கும் கண் அந்த ஓரத்திலயா இருந்த?"